கிளினிக்கில் பிரஷர் சரி, ஈசிஜியில் மட்டும் சந்தேகமா?

அப்பாவுக்கு 54 வயது, ஓசூரில் நைட் ஷிப்ட், கிருஷ்ணகிரி டாக்டரிடம் பார்த்தபோது பிரஷர் 128/82, ஆனால் ஈசிஜியில் இதயத்தின் இடது கீழறை தடித்திருக்கலாம் என்று வந்திருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாங்க. டாக்டர் முன்னால் 140/90-க்குள் அடங்கி, வேலையிலும் தூக்கத்திலும் ஏறுகிற பிரஷர் உண்டு, அதுவே கீழறையைத் தடிக்க வைக்கலாம்.

ஈசிஜியில் மார்பில் ஒட்டுகிற வி1 என்ற இடத்தில் கீழே இறங்கும் எஸ் அலையின் ஆழத்தையும், வி5 அல்லது வி6 இடத்தில் மேலே ஏறும் ஆர் அலையின் உயரத்தையும் கூட்டுவார்கள், 35 மி.மீ. வந்தால் சந்தேகம். ஒல்லியான உடம்பில் இது சும்மாவே கூடுதலாகக் காட்டும், பருமனான உடம்பில் இருப்பதையே மறைத்துவிடும், அதனால் எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

அதைவிட முக்கியம் 24 மணி நேர பிரஷர் மானிட்டர். தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ இதயத்துக்கு ஓய்வே இல்லை. தூக்கத்தின் சராசரி 120/70-ஐத் தொட்டாலே அதிகம்தான். அப்பா தூங்குவது பகலில் என்பதை மெஷின் மாட்டுகிறவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், வழக்கம்போல இரவு என்று கணக்குப் போட்டால் ரிப்போர்ட்டே தலைகீழாகிவிடும். எல்லா லேபிலும் இந்த மெஷின் இருக்காது, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம், தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் பிரஷர் ஏறும், அதனால் குறட்டை பலமா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். சர்க்கரையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.