எம்.எஸ்சி. வேதியியலுக்குப் பிறகு பி.எச்டி.: மகளைத் தடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

கூடப் படித்தவர்கள் ஐ.டி.யில் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார்கள், மகளோ தனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என நாகர்கோவிலிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். போகட்டும், விடுங்கள். காரணம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பது 1909-லேயே தெரிந்துவிட்டது. அங்குள்ள மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலையில் காந்தம், உயர் மின்னழுத்தம் கொண்டு இல்மனைட், சிர்க்கான், மோனசைட் என்று தனித்தனியாக எடுக்கிறார்கள். அது சுலபமான பாதி. மோனசைட்டுக்குள் இருக்கும் நியோடிமியமும் பிரசியோடிமியமும் வலுவான காந்தத்துக்குத் தேவைப்படும் அரிய மண் தனிமங்கள்; குணத்தில் கிட்டத்தட்ட ஒன்று. அமிலக் கரைசலை, தனிமங்களை ஈர்க்கும் வேதிப்பொருள் சேர்த்த மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானோடு கலக்கி, தெளியவிட்டு, மறுபடி கலக்கி, இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகளைத் தாண்டினால்தான் இரண்டும் பிரியும். கூடவே கதிரியக்கமுள்ள தோரியம் வேறு வரும். (மணல் அள்ளுவதைக் கடலோர மக்கள் எதிர்ப்பதில் நியாயம் உண்டு. கழிவைக் குறைக்கும் வழி தேடுவதும் இதே துறையின் வேலைதான்.)

2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியதும் இங்கே வாகன நிறுவனங்கள் திண்டாடின. கனிம மணல் நம்மிடம் இருக்கிறது; அதைப் பிரித்துத் தூய்மையாக்கிக் காந்தமாக்கும் திறன்தான் போதவில்லை. அந்த ஜனவரியிலேயே 16,300 கோடி ரூபாய்ச் செலவில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்திருந்தது. இந்தப் படிப்பு கனிமத்தோடு நிற்பதும் இல்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குவது, திருப்பூர் சாயக்கழிவு, பழைய பேட்டரியிலிருந்து லித்தியம் எடுப்பது எல்லாம் இதற்குள்தான்.

இனி பணம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் சேர வேண்டாம். கைக்காசு போட்டு பி.எச்டி. படிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இடையில் மனம் மாறினாலும் எச்.பி.எல்.சி. (கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) தெரிந்தவருக்கு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை உண்டு, தொடக்கச் சம்பளம்தான் சுமார்.

கல்பாக்கம் ஐ.ஜி.சி.ஏ.ஆர். (அணு ஆராய்ச்சி மையம்), பாவ்நகர் சி.எஸ்.எம்.சி.ஆர்.ஐ. (உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வகம்) இரண்டும் நல்ல இடங்கள். உங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரத்திலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகமான என்.ஐ.ஐ.எஸ்.டி. ஒருநாள் நேரில் போய் ஆய்வு வழிகாட்டிகளிடம் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். சோதனைக்குழாயில் செய்ததைப் பெரிய அளவில் ஓட்டிப் பார்க்க வசதி இருக்கிறதா, பட்டம் வாங்கிய சீனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் அந்த வழிகாட்டி வேண்டாம், வேறொருவரைப் பார்க்கலாம்.