மாத்திரை விலை, மஞ்சள் வழக்கு, தேங்காய் உரிக்கும் இயந்திரம்

(காப்புரிமை, அதாவது பேட்டன்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு, சென்னையில் காப்புரிமை முகவராக இருந்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

என் தம்பிக்கு சி.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய். தினமும் இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறான். "சென்னையில் நடந்த ஒரு வழக்கால்தான் இது இந்த விலைக்குக் கிடைக்கிறது" என்றார் மருத்துவர். அது என்ன வழக்கு?
– வாசகி, தஞ்சாவூர்

மருத்துவர் சொன்னது சரிதான் அம்மா. சென்னையில் தொடங்கி, பதினைந்து ஆண்டுகள் நடந்து, டெல்லியில் முடிந்த விவகாரம் அது.

சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி இந்த மருந்தை 'கிளிவெக்' என்ற பெயரில் விற்றது. நல்ல மருந்து, அதில் சந்தேகமே இல்லை. வேறு யாரும் தயாரித்து விற்காதபடி தடுக்கும் காப்புரிமை கேட்டு, 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தார்கள். அப்போது நம் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2005இல் சட்டத்தை மாற்றிய பிறகுதான் அந்த விண்ணப்பத்தைப் பிரித்தே பார்த்தார்கள்.

மாற்றியபோது நாடாளுமன்றம் ஒரு புத்திசாலித்தனம் செய்தது. இடதுசாரிகள் கொடுத்த அழுத்தத்தில் 3(டி) என்ற பிரிவை இறுக்கி எழுதினார்கள். ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளை வேறு ரசாயன உப்பாகவோ வேறு படிக வடிவமாகவோ மாற்றிக்கொண்டு வந்து நின்றால் காப்புரிமை கிடையாது. பலன் கூடியிருப்பதாக நிரூபித்தால் மட்டுமே உண்டு. காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டுகள். அது முடியும் நேரத்தில் சின்ன மாற்றம் செய்து இன்னொரு 20 ஆண்டு கேட்கும் பழக்கத்துக்குப் போட்ட பூட்டு அது. அதை எழுதியவர்களுக்குச் சிலை வைத்தாலும் தகும்.

நோவார்ட்டிஸ் கேட்டது இமாட்டினிப்பின் உப்பான இமாட்டினிப் மெசிலேட்டின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு. இமாட்டினிப் என்ற அடிப்படை மருந்துப்பொருளுக்கு அவர்கள் 1993இலேயே வெளிநாடுகளில் விண்ணப்பித்திருந்தார்கள். மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் சில இந்திய மருந்துக் கம்பெனிகளும் எதிர்ப்பு மனு போட்டன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது, 2007இல் தோற்றது. மேல்முறையீட்டு வாரியத்தில் 2009இல் தோற்றது. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. புதிய படிகம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது கம்பெனியின் வாதம். மருந்துக்குப் பலன் என்றால் நோயைக் குணப்படுத்தும் பலன், அது கூடியதற்குச் சான்று எங்கே என்று கேட்டது நீதிமன்றம். சான்று இல்லை.

அந்த நாளில் கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். தான் பல நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுத்ததாக நோவார்ட்டிஸ் சொன்னது; கொடுத்ததும் உண்மை. ஆனாலும் ஒரு கம்பெனியின் தயவில் மாத்திரை வாங்குவதைவிட, உங்கள் தம்பி கடையில் காசு கொடுத்து, பில் போட்டு வாங்குவதையே நான் விரும்புவேன்.

இப்படி உரிமையை மறுத்தால் யார் ஆராய்ச்சி செய்வார்கள்? திருடுவதைச் சட்டமாக்குவது போல இல்லையா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

கோபம் நியாயம் தம்பி, ஆனால் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. காப்புரிமை என்பது வீட்டுப் பத்திரம் அல்ல. அரசுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை முழுமையாக எழுதித் தருகிறார். பதிலுக்கு 20 ஆண்டுகள் போட்டியில்லாமல் சம்பாதிக்கிறார். புதிதாக ஒன்றும் தராதவருக்கு அந்த 20 ஆண்டு எதற்கு?

காப்புரிமை வாங்கியவர் எல்லோரும் பணத்துக்காகவே வாங்கியதும் இல்லை. கனடாவில் இன்சுலினைக் கண்டறிந்த பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923இல் தங்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரோன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு யாரும் அதை முடக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே நோக்கம். எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. புதிய மருந்தைச் சோதித்து முடிக்க ஆகும் செலவு பெரிது. அதைப் போட்டவர் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் எடுக்கும் விதத்துக்கு ஓர் எல்லை உண்டு. பேயர் கம்பெனியின் 'நெக்சவார்' என்ற மருந்து சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கு உரியது. காப்புரிமை முறையாக வாங்கியதுதான். விலை மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய். தேவைப்பட்டவர்களில் மிகச் சிலருக்கே போய்ச் சேர்ந்தது. 2012 மார்ச்சில், ஐதராபாத்தின் நாட்கோ கம்பெனி அதைத் தயாரித்து 8,880 ரூபாய்க்கு விற்கலாம் என்று காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதமில்லாமலே பிறர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுத்தார். பேயருக்கு விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி. பிறகு அது 7 ஆயிற்று. கண்டுபிடித்தவருக்குப் பங்கு கொடுக்கும் திருட்டு எங்கேயாவது உண்டா? இத்தனைக்கும் இந்தியா அப்படிக் கொடுத்த கட்டாய உரிமம் இதுவரை அந்த ஒன்றுதான். நம் அரசு பாய்ந்து பிடுங்குகிறது என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தேங்காய் உரிக்கும் இயந்திரம் ஒன்றை என் பட்டறையில் செய்தேன். வேளாண் கண்காட்சியில் வைத்தேன், வீடியோவும் போட்டேன். ஆறு மாதத்தில் இன்னொரு பட்டறைக்காரர் அச்சு அசலாகச் செய்து விற்கிறார். பேட்டன்ட் கிடைக்குமா?
– பட்டறை உரிமையாளர், பொள்ளாச்சி

காட்டிய அமைப்புக்கு அநேகமாகக் கிடைக்காது ஐயா. விண்ணப்பம் போடும் நாளில் அது உலகில் எங்கும் வெளியாகாததாக இருக்க வேண்டும். உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிரான சாட்சி. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி என்றால் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் சலுகை உண்டு. ஆனால் மாவட்டக் கண்காட்சிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. வீடியோவுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

இயந்திரத்தில் இன்னும் யாருக்கும் காட்டாத மேம்பாடு ஏதாவது செய்திருக்கிறீர்களா? பற்களின் அமைப்பு, காய் நழுவாமல் பிடிக்கும் கொக்கி, இப்படி எதுவானாலும் அதற்குப் போடலாம். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆரம்ப விண்ணப்பம். தனிநபர் இணையவழி போட 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம் உண்டு. விண்ணப்பத்தை அலுவலகம் ஆராய்வதற்கான பரிசோதனைக் கட்டணம் தனி. போட்டு ரசீது வாங்கிய பிறகு ஊரைக் கூட்டிக் காட்டுங்கள். இயந்திரத்தின் பெயரை வணிக முத்திரையாகப் பதியவும் தடையில்லை. அதற்கு வீடியோ குறுக்கே நிற்காது.

உங்களிடம் காப்புரிமை இல்லாத நிலையில், அந்தப் பட்டறைக்காரர் மேல் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்லி யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மஞ்சளுக்கு அமெரிக்காக்காரன் பேட்டன்ட் வாங்கினானாமே? நாம் மஞ்சள் அரைக்கப் பணம் கட்டியிருக்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

இல்லை. காப்புரிமை கொடுத்த நாட்டின் எல்லையோடு அதன் ஆட்சி முடிந்துவிடும். 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் வாங்கியது, மஞ்சள்தூளைக் காயத்துக்கு மருந்தாகப் பயன்படுத்தும் முறைக்கு. கண்டுபிடித்ததாகப் பெயர் கொடுத்த இருவரும் இந்திய வம்சாவளியினர் என்பது கூடுதல் வேடிக்கை. மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்தது, 1997இல் ரத்தானது. வெளிநாட்டில் மக்கள் பயன்படுத்திவந்தார்கள் என்பதை அன்றைய அமெரிக்கச் சட்டம் ஏற்காது. அச்சில் இருக்க வேண்டும். ஈரோட்டுப் பாட்டிகள் எல்லோரும் கப்பலேறிப் போய்ச் சொல்லியிருந்தாலும் செல்லாது. பழைய நூல்களும் 1953ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும்தான் வழக்கை வென்றன.

கம்பெனி போடும் விண்ணப்பத்தைச் சாதாரண ஆள் எதிர்க்க முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

முடியும். விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியான பிறகு, காப்புரிமை கொடுக்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு தரலாம். சட்டத்தின் பிரிவு 25(1). காசநோய் மருந்து பெடாகுவிலினின் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட காப்புரிமையை 2019இல் எதிர்த்தவர்கள் காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. பழைய காசநோய் ஊசிகளால் இருவரும் செவித்திறன் இழந்தவர்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இல்லாவிட்டால் கம்பெனியின் தனியுரிமை 2027 வரை நீண்டிருக்கும்.

2024இல் வந்த விதிகள் இந்த வழியைக் கொஞ்சம் குறுக்கியிருக்கின்றன. எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் வந்துவிட்டது. மனு ஏற்கத்தக்கதா என்று அலுவலகம் முதலில் பார்க்கும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் வழி அடைபடவில்லை. வெறும் ஆதங்கத்தை எழுதினால் தள்ளிவிடுவார்கள். பழைய கட்டுரை, பழைய காப்புரிமை என்று தேதியுள்ள காகிதங்களை இணைத்து அனுப்புங்கள்.