பர்மா போன பெரிய தாத்தாவைத் தேட

வணக்கம் ஐயா. 1942-இல் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா போன உங்கள் பெரிய தாத்தா திரும்பவே இல்லை, வீட்டில் ஒரு பதக்கம்தான் மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

முதலில் அந்தப் பதக்கத்தை எடுங்கள். வட்டமாக இருந்தால் விளிம்பைப் பாருங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் படை எண், பெயர், பிரிவு பொறித்திருப்பது தெரியலாம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

அப்புறம், போரில் இறந்த வீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைய இணையதளத்தில் தேடுங்கள், கட்டணமில்லை. கல்லறை தெரியாத வீரர்களுக்கான ரங்கூன் நினைவிடத்தில் மட்டும் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் உள்ளன. உதாரணமாக, 'முத்துசாமி' என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். சில பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும்கூட இருக்கும்.

அவர் இருந்த பிரிவு மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் மையத்துக்கும், சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றால் பெங்களூரில் உள்ள மையத்துக்கும் எழுதிக் கேளுங்கள். எண் கிடைத்ததும் சொல்லுங்கள், நானும் தேடுகிறேன்.