கேழ்வரகு விற்பனை, ரகச் சோதனை: உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பற்றிக் கேள்வி பதில்

அரூர்: நிறுவனம் தொடங்க எத்தனை பேர் வேணும்?

உழவர்களே பங்கு போட்டு நடத்தும் இந்த நிறுவனத்துக்குச் சட்டப்படி 10 உழவர்கள் போதும். இயக்குநர்கள் 5 முதல் 15 பேர். ஒன்றிய அரசின் 2020 திட்டத்தில் பங்குத்தொகை மானியம் பெற சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டும். ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு உச்சவரம்பு 15 லட்சம். யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே ஓட்டுதான்.

பென்னாகரம்: அண்ணா, ஈரம் அதிகம்னு மூட்டை திரும்புது. களத்திலேயே பார்க்க வழி உண்டா?

அரசுக் கொள்முதலுக்கு ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காய்ந்த கண்ணாடி பாட்டிலில் தானியமும் உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் 15-க்கு மேல் என்று அர்த்தம். ஒட்டவில்லை என்பதற்காக ஏற்றிவிடாதீர்கள். 13-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் மீட்டரில்தான் தெரியும். குத்தூசியால் மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து அளவுங்கள். 16 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருந்தால், 12-க்கு வரும்போது சுமார் 95.5 கிலோதான் நிற்கும். எடை குறைவதை முன்பே சொல்லிவிட்டால் உறுப்பினரிடம் சண்டை வராது.

தார்ச்சாலையில் கதிரடிப்பதை நிறுத்துங்கள். தானியம் அல்லாத கலப்பு மொத்தம் 1 சதவீதம்தான் அனுமதி, அதிலும் கல், மண் கால் சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு மொத்தக் கலப்பு அரை கிலோ.

வேப்பனஹள்ளி: அமெரிக்காவில் கோதுமை உழவர்களே ஆராய்ச்சிக்குப் பணம் போடுறாங்களாமே, நம்மால முடியுமா?

கான்சாஸில் புஷலுக்கு, அதாவது 27.2 கிலோவுக்கு, 2 அமெரிக்க சென்ட் விற்பனையிலேயே பிடிக்கிறார்கள். வேண்டாம் என்பவர் திரும்பக் கேட்டு வாங்கலாம். ஆராய்ச்சி, வெளிநாட்டுச் சந்தை இரண்டுக்கும் அந்தப் பணம் போகிறது. இங்கே பொதுக்குழுத் தீர்மானம் போட்டு, சம்மதிப்பவர்களிடம் குவிண்டாலுக்கு 5 ரூபாய் பிடிக்கலாம். 200 டன் விற்றால் 10,000 ரூபாய். அதில் புது ரகம் உருவாக்க முடியாது, அது பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. எந்த ரகம் நம் மண்ணுக்கு ஏற்றது என்று பார்க்க இந்தப் பணம் தாராளம்.

மூன்று உழவர் நிலத்தில், ஒவ்வொன்றிலும் ஜிபியு 28, ஏடிஎல் 1 என்ற கேழ்வரகு ரகங்கள், உள்ளூர் விதை, தலா 10 சென்ட். ஒரே நாள் நடவு, ஒரே உரம், ஒரே தண்ணீர். வரப்போரச் செடிகளை விட்டுவிட்டு நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுங்கள். காயவைத்து எடைபோட்டு 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் மகசூல். பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: புது விதைக்குக் கிணற்றடி நிலம், பழைய விதைக்கு மேட்டாங்காடு. அப்புறம் ஜெயித்தது விதையா தண்ணீரா என்று யாருக்கும் தெரியாது. குலை நோய் விழுந்த கதிர்களையும் எண்ணி எழுதுங்கள். ஜிபியு 28 அதைத் தாங்கும் ரகம்.

தேன்கனிக்கோட்டை: மாவு, பிஸ்கட் போடலாமா சார்?

அவசரம் வேண்டாம். முதலில் கல் நீக்கும் மெஷின், பிறகு மாவு மெஷின். 2025-26-க்கு ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். அதற்கு மேல் தனியார் மில்லிடம் கேட்க வேண்டுமானால் ஒரே ரகம், கலப்பில்லாத லாட் கையில் இருக்க வேண்டும். ரகம் வாரியாக மூட்டையில் சீட்டுக் கட்டி, தனி அடுக்காக வையுங்கள்.