பழைய மெஷின் கம்ப்யூட்டரை ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: கட்டிங் மெஷினோடு வந்தது ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். போன மாதம் வரை ஆபீஸ் சர்வரிலிருந்து டிராயிங்குகளை எடுத்துக்கொண்டிருந்தது. சர்வரை மாற்றியதும் ஷேர் (பகிர்ந்த ஃபோல்டர்) திறக்கவில்லை, பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) மட்டும் போகிறது. என்ன செய்யலாம் சார்?

பதில்: பிங் போகிறதென்றால் கேபிளும் ஐபி எண்ணும் சரி. பேசும் மொழிதான் மாறிவிட்டது. நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை எஸ்எம்பி; எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும். விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த 1709 பதிப்பு முதல் அது தானாக நிறுவப்படுவதில்லை. லினக்ஸ் சர்வர்களில் ஓடும் கோப்புப் பகிர்வு மென்பொருளான சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 முதல், நாமாகச் சொன்னால் ஒழிய, எஸ்எம்பி 2-க்குக் கீழே இறங்காது.

"சர்வரில் எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது அந்தக் கதவு வழியாகத்தான். ஒரு மெஷினுக்காக ஆபீஸின் மொத்தக் கோப்புகளையும் பணயம் வைக்கக் கூடாது.

நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி வையுங்கள். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருக்கட்டும்: ஒன்றில் எக்ஸ்பி மட்டும், மற்றதில் ஆபீஸ். சாம்பாவை மெஷின் பக்கக் கார்டில் மட்டும் கேட்கும்படி கட்டிவிட்டு, அங்கே குறைந்தபட்ச நெறிமுறையை என்டி1 (சாம்பாவில் எஸ்எம்பி 1-இன் பெயர்) என்று வையுங்கள். ஆபீஸ் பக்கம் இந்தப் பெட்டி வெறும் கிளையன்ட். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஸ்எம்பி 3-இல் சர்வரைத் தொட்டு, ஒரே ஒரு ஃபோல்டரை நகலெடுத்து வரும். ஐபி ஃபார்வர்டிங் (ஒரு கார்டில் வருவதை மறு கார்டுக்குக் கடத்தும் வசதி) அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். மெஷினுக்குத் தேவை டிராயிங்தான். அது வந்து சேர்ந்தால் போதும், மெஷின் ஆபீஸுக்குள் வர வேண்டியதில்லை.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுத்தால், எக்ஸ்பியின் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் லேன் மேனேஜர் அத்தென்டிகேஷன் லெவலை (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை) என்டிஎல்எம்வி2-க்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்கியிருக்கும்.

கேள்வி: தனி விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போட்டால் போதாதா?

பதில்: ரூட்டர் இரண்டு விலானுக்கும் நடுவே எல்லாவற்றையும் விட்டுக்கொண்டிருந்தால், வேலி கட்டிவிட்டுப் படலைத் திறந்து வைத்த கதைதான். விலான் போடுங்கள். கூடவே எது எங்கே போகலாம் என்று ஃபயர்வாலில் எழுதுங்கள், மீதி எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் மெஷின்) கன்ட்ரோலரில் நெட்வொர்க் கார்டே கிடையாது. பின்னால் ஒரு சீரியல் போர்ட் மட்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் புரோகிராம் ஏற்றுகிறோம்.

பதில்: சீரியல் டிவைஸ் சர்வர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஒரு பக்கம் ஆர்எஸ்-232, மறுபக்கம் ஈதர்நெட். அதை மெஷினுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். சீரியல் கேபிளை 15 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது, மீதித் தூரத்தை ஈதர்நெட் பார்த்துக்கொள்ளும். பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கும் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். பல கன்ட்ரோலர்கள் 7 பிட், ஈவன் பாரிட்டி என்று கேட்கும், லேப்டாப் 8 பிட், பாரிட்டி இல்லை என்று இருக்கும். திரையில் குப்பை எழுத்து வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல். ஆரம்பம் நன்றாக ஏறி, நீளமான புரோகிராமில் நடுவே வரிகள் விழுந்துபோனால், எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப் ("நிறுத்து, தொடர்" என்று மறுபக்கத்துக்குச் சொல்லும் முறை) ஒரு பக்கம் அணைந்திருக்கலாம்.

மெஷின் ஓடும்போது அந்தக் கேபிளைச் சொருகவோ பிடுங்கவோ வேண்டாம். நான் ஒருமுறை அவசரத்தில் செய்தேன். லேப்டாப் ஒரு பிளக்கில், மெஷின் வேறொரு லைனில், இரண்டின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. சொருகிய கணத்தில் சின்னதாக ஒரு பொறி, அதோடு கன்ட்ரோலரின் போர்ட் போய்விட்டது. பலகை பழுதுபார்த்து வரும்வரை மெஷின் நான்கு நாள் நின்றது. ஆபரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து ஆப்டிகல் ஐசொலேட்டர் (மின் தொடர்பில்லாமல் ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் கருவி) இல்லாமல் நான் இணைப்பதில்லை.

கேள்வி: டாஸில் ஓடும் 486-இல் பழைய நெட்வொர்க் கார்டு இருக்கிறது. புதிய ஸ்விட்சில் மாட்டினால் விளக்கே எரியவில்லை. கார்டு செத்துவிட்டதா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். அந்தக் கார்டின் வேகம் 10 மெகாபிட். புதிய அதிவேக ஸ்விட்சுகள் சிலவற்றின் போர்ட்டுகள் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. நடுவில் ஒரு சாதாரண 10/100 ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். டியூப்ளெக்ஸை ஃபுல் (ஒரே நேரத்தில் அனுப்புவதும் பெறுவதும்) என்று கட்டாயப்படுத்த வேண்டாம். இணைப்பு கிடைத்த பிறகு பாக்கெட் டிரைவரை (டாஸில் நெட்வொர்க் கார்டை இயக்கும் சிறு மென்பொருள்) ஏற்றி, டாஸுக்கென்றே எழுதப்பட்ட எம்டிசிபி தொகுப்பில் உள்ள எஃப்டிபியால் நடுப் பெட்டியிலிருந்து கோப்பை இழுங்கள். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மிஞ்சக் கூடாது.

கேள்வி: ஆன்டிவைரஸ் போட்டுவிட்டால் நேரடியாக இணைக்கலாமா?

பதில்: கூடாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்துவிட்டது. மேலும், ஸ்கேன் ஓடும் நேரத்தில் கன்ட்ரோல் மென்பொருள் தடுமாறினால் டூல் உடையும். ஸ்கேனை நடுப் பெட்டியில் செய்யுங்கள். புது மெஷினையும் நம்பிவிடாதீர்கள். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகள் முடங்கியது, வைரஸ் சோதனை செய்யாமல் ஒரு புதிய கருவியை நெட்வொர்க்கில் இணைத்ததால்தான்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் முன்னால் எதில் கை வைப்பது?

பதில்: ஹார்ட் டிஸ்கில். அதைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருள் மூலம் முழு இமேஜ் (டிஸ்கின் அச்சு நகல்) எடுங்கள். பழைய ஐடிஇ டிஸ்காக இருந்தால் அந்த இமேஜை ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் எழுதி, அடாப்டரில் சொருகி, மெஷின் அதிலிருந்து எழும்புகிறதா என்று பாருங்கள். கழற்றுவதற்கு முன்பே பயாஸ் திரைகள் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு பேட்டரி எப்போதோ செத்திருக்கலாம். பவரை அணைத்ததும் டிஸ்க் அளவுகள் மறந்துபோனால், திரும்ப எழுதிக் கொடுக்க அந்தப் படங்கள்தான் கையில் இருக்கும்.