இரட்டைக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்து என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறார்கள். ஒருவர் தேறுகிறார், மற்றவர் தேறவில்லை. இருவரையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

30-வது வாரத்தில் பிறந்த இருவரில் ஒருவருக்கு மூச்சுக் கருவியை எடுத்துவிட்டார்கள், மற்றவருக்கு இன்னும் தேவைப்படுகிறது, யார் பக்கத்தில் உட்காருவது என்றே தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என் பிள்ளைகளும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான் பிறந்தார்கள். பெரியவன் பையன், சின்னவள் பெண். எடையில் அவள்தான் குறைவு, ஆனால் மூக்கு வழியாகக் காற்றழுத்தம் தந்து மூச்சுக்கு உதவும் சி-பாப்பிலிருந்து முதலில் விடுபட்டவளும் அவள்தான். அவனுக்கு வென்டிலேட்டர் வரை போக வேண்டி வந்தது. ஒரு இன்குபேட்டர் பக்கம் சந்தோஷப்பட்டுவிட்டு, இரண்டடி தள்ளி அடுத்ததன் முன் நெஞ்சு அடைத்து நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரே வயிற்றில் ஒன்றாக இருந்தவர்கள் ஏன் இப்படி வேறுபடுகிறார்கள்? காரணம் பெரும்பாலும் நுரையீரல். மூச்சை வெளியே விடும்போது காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற பொருள். கர்ப்பத்தின் 34, 35 வாரத்தை ஒட்டித்தான் அது போதிய அளவு சுரக்கும். பெண் குழந்தைகளின் நுரையீரல் கொஞ்சம் முன்னதாகவே பக்குவப்படும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். அதோடு கிருமித்தொற்று, இதயத்துக்குப் பக்கத்தில் மூடாமல் இருக்கும் ரத்தக்குழாய் என்று ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் காரணங்களும் சேரும். நீங்கள் கர்ப்ப காலத்தில் செய்த எதுவும் ஒருவரை மட்டும் பாதித்துவிடவில்லை.

அந்த நாட்களில் நான் படித்த ஒரு விஷயம் எனக்குப் பெரிய தைரியம் தந்தது. 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். 2 கிலோவுக்கு மேல் எடை இருந்தும் இந்த மூச்சுத்திணறலால் இரண்டே நாளில் இறந்துவிட்டான். சர்ஃபாக்டன்ட் குறைவுதான் இதற்குக் காரணம் என்று மேரி எலன் ஏவரி 1959-லேயே காட்டியிருந்தார், ஆனால் கொடுக்க மருந்து இல்லை. 1980-ல்தான் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் அதை நேரடியாக நுரையீரலுக்குள் செலுத்திப் பலன் கண்டார்கள். அதிபரின் பிள்ளைக்கே கிடைக்காத மருந்து இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. ராத்திரி தூக்கம் வராதபோது இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, யார் பக்கத்தில் இருப்பது? நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்க முயற்சி செய்யாதீர்கள். மோசமான நிலையில் இருக்கும் குழந்தைக்கு அதிகம் வேண்டியது அமைதி. அடிக்கடி தொட்டாலே ஆக்ஸிஜன் அளவு இறங்கிவிடும். தேறிவரும் குழந்தையைத்தான் எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியும். அதனால் நேரம் தானாகவே அந்தப் பக்கம் போகும். அவனை விட்டுவிட்டு இவளோடு இருக்கிறோமே என்று மனசு குத்தும். என் அனுபவத்தில், அந்தக் குற்ற உணர்ச்சிக்கு இடம் கொடுக்கவே கூடாது. இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில் எது தேவையோ அது கிடைக்கிறது. கருவியில் இருக்கும் குழந்தையைத் தடவாதீர்கள், அந்தத் தோலுக்கு வருடல் எரிச்சலாக இருக்கும். ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைப் பாதத்திலும் லேசான அழுத்தத்தோடு அசையாமல் வையுங்கள். கருப்பைக்குள் இருந்ததுபோல் அணைப்பாக உணர்வார்கள். நர்ஸிடம் கேட்டால் எப்படி என்று காட்டுவார்.

நெஞ்சோடு தோல் பட அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்யுங்கள். இன்குபேட்டர் பற்றாக்குறையால் கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் இறுதியில் தொடங்கிய முறை இது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. குழந்தையின் நிலை சீராகும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனே இதைத் தொடங்கியபோது இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது. சி-பாப் இருந்தாலும் செய்யலாம். வென்டிலேட்டரில் இருந்தால் டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். இரட்டையருக்கு இதில் ஒரு வசதி, பெற்றோரும் இரண்டு பேர். என் கணவர் முதலில் பயந்தார். அப்புறம் பெரியவனை அவரிடமிருந்து திரும்ப வாங்குவதே கஷ்டமாகிவிட்டது.

மானிட்டர் பற்றி ஒரு வார்த்தை. குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட மறந்துவிடுவார்கள். மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு இன்னும் முதிரவில்லை, அவ்வளவுதான். 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, அதோடு இதயத்துடிப்பு இறங்கினாலோ கவனிப்பார்கள். இதற்குத்தான் கஃபீன் மருந்து கொடுக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கர்ப்பக் கணக்கில் 36, 37 வாரத்தை ஒட்டி இது தானாக நின்றுவிடும். அலாரம் அடித்ததும் திரையைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். நிறம் நன்றாக இருந்து நெஞ்சு ஏறி இறங்கினால் பாதி நேரம் சென்சார்தான் நழுவியிருக்கும். நல்ல நர்ஸுகள் எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள், நானும் அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

தாய்ப்பால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வரக்கூடிய மோசமான குடல் அழற்சியைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு இணையாக எதுவும் இல்லை. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகிற ஒழுங்கு 32 முதல் 34 வாரத்தில்தான் கூடிவரத் தொடங்கும். அதுவரை குழாய் வழியாகத்தான் ஊட்டுவார்கள். நீங்கள் இரவிலும் ஒருமுறை சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு முறை பால் எடுக்க வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் சில சொட்டுகள்தான் வரும். அந்தச் சீம்பாலை இருவருக்கும் பங்கிட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் போதாவிட்டால் தானமாகக் கிடைக்கும் தாய்ப்பால் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். பால் எடுப்பது தனிமையான, அலுப்பான வேலை. வீட்டில் உள்ளவர்கள் பம்ப்பைக் கழுவித் தந்தாலே அது பெரிய உதவி.

எனக்கு உண்மையில் கைகொடுத்த ஒரு பழக்கம், ஆளுக்கு ஒரு நோட்டு. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள்: நேற்றிலிருந்து என்ன மாறியது, இன்று என்ன செய்யப்போகிறீர்கள், அடுத்த முன்னேற்றம் என்றால் எதை எதிர்பார்க்கலாம். பதிலை அவரவர் நோட்டில் எழுதுங்கள். அவன் எடையை அவனுடைய நேற்றைய எடையோடு மட்டும் ஒப்பிடுவீர்கள். முதல் சில நாட்களில் எடை குறைவது சகஜம், பிறந்த எடை திரும்ப இரண்டு வாரம் வரை ஆகலாம். அவள் முந்துகிறாளே, இவன் பின்தங்குகிறானே என்ற எண்ணம் முழுசாகப் போகாது, ஆனால் கொஞ்சம் அடங்கும்.

உறவினர்களின் கேள்விகளுக்கு ஒரே ஒருவர் மட்டும் பதில் சொல்லட்டும், அது நீங்களாக இருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்கவில்லை, நேரம் கிடைத்தும் தூங்க முடியவில்லை, எதிலும் ஒட்டவில்லை என்றால் உங்களுக்காகவும் ஒரு டாக்டரைப் பாருங்கள். அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வரும், அவர்கள் வெளியே சொல்வதில்லை.

கடைசியாக, ஒருவர் முன்னால் வீட்டுக்கு வரும் நாளுக்கு இப்போதே தயாராகுங்கள். எங்களுக்கு அந்த வாரங்கள்தான் மிகவும் கடினமாக இருந்தன. ஒருவர் வீட்டில், ஒருவர் மருத்துவமனையில் என்று முறை வைத்துக்கொண்டோம். டிஸ்சார்ஜ் ஆன குழந்தையை வார்டுக்குள் திரும்பக் கொண்டுவர அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் தொற்றுப் பயத்தால் விடமாட்டார்கள். வீட்டில் இருவரையும் தனித்தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்க வையுங்கள். வார்டில் மானிட்டரோடு ஒன்றாகப் படுக்க வைத்திருந்தால்கூட வீட்டில் வேண்டாம். தடுப்பூசிகளைப் பெரும்பாலும் பிறந்த தேதியைக் கணக்கிட்டே போடுவார்கள். வளர்ச்சியை மட்டும், முன்னதாகப் பிறந்த பத்து வாரத்தை வயதிலிருந்து கழித்து, அந்தத் திருத்திய வயதில் பாருங்கள், இரண்டு வயது வரை அப்படித்தான். பிறந்து 4 வாரத்தை ஒட்டித் தொடங்கும் விழித்திரைப் பரிசோதனையை விழித்திரை முழுதாக வளரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அடுத்த தேதியை இருவருக்கும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு டிஸ்சார்ஜ் ஆகுங்கள், ஏனென்றால் நாள் தவறினால் காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வை போய்விடலாம்.