ஆறு பெட்டியும் ஒரு ட்ராலியும்

தம்பி, மனைவியோடும் நான்கு வயது மகளோடும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி நியூயார்க்கில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானம் மாறப் போகும் நீங்கள், "அண்ணாச்சி, அங்கேயும் ட்ராலி சும்மா கிடைக்குமா? நம்ம ஜங்ஷன் மாதிரி போர்ட்டர் வருவாரா?" என்று பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

சுங்கச் சோதனைக்கு உட்பட்ட வருகைக் கூடத்தில் பல பெரிய விமான நிலையங்கள் ட்ராலியை இலவசமாகவே வைத்திருக்கின்றன. வெளியிலும் உள்நாட்டுப் பகுதியிலும் இயந்திரத்தில் வங்கி அட்டையைக் காட்டிச் சில டாலர்கள் கட்டினால்தான் பூட்டு விடும். ஆகவே வெளிநாட்டில் செல்லும் அட்டை ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ட்ராலி கட்டாயம் தேவைப்படுவதும் அந்த வருகைக் கூடத்தில்தான். பெட்டியில் கடைசி ஊரின் பெயரே ஒட்டியிருந்தாலும், அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்தில் அதை பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடியும் விமான நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். அபுதாபி வழியாக வந்தால் அமெரிக்கக் குடியேற்ற, சுங்கச் சோதனைகள் அங்கேயே முடிந்துவிடும் என்பதால், குழந்தையோடு வருபவர்களுக்கு அந்த வழியையே நான் சொல்வேன்.

ட்ராலி நகரவில்லை என்றால் பழுது என்று நினைத்து அடுத்ததை இழுக்காதீர்கள். பெரும்பாலானவற்றில் கைப்பிடியை அழுத்திப் பிடித்தால்தான் பிரேக் விடும், கையை எடுத்தால் நின்றுவிடும். கனமான பெட்டியை அடியில் படுக்கவைத்து, பாஸ்போர்ட் உள்ள பையை மட்டும் தோளிலேயே விட்டுவிடுங்கள். மகளை மேலே உட்கார வைக்க ஆசை வரும், வேண்டாம்.

போர்ட்டர் விஷயத்தில் விமான நிலையத்தை நம்பியிருக்க வேண்டாம். அமெரிக்காவின் தொலைதூரப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் பெரிய நிலையங்கள் சிலவற்றில் சிவப்புத் தொப்பி ஊழியர்கள் கட்டணமின்றிப் பெட்டி தூக்குவார்கள், அன்பளிப்பு கொடுப்பது வழக்கம்.

ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 23 கிலோ என்ற அனுமதியைப் பார்த்ததும் ஆறு பெட்டியையும் நிரப்பத்தான் நம் ஊர் வீடுகளில் மனம் போகும், அம்மாக்கள் இடித்துக் கொடுக்கும் பொடிகளுக்கே ஒரு பெட்டி வேண்டும். ஆனால் ஆறுக்கு இரண்டு ட்ராலி வேண்டும், இரண்டையும் நீங்கள் இருவரும் தள்ளினால் குழந்தையின் கையைப் பிடிக்க ஆள் இல்லை. நான்கோடு நிறுத்துங்கள், நான்கும் நான்கு சக்கரம் உள்ளவையாக இருக்கட்டும். கடைசி ஊரில் டாக்சி பதிவு செய்யும்போதும் சாதாரணக் காரில் அந்த நான்கு அடங்காது, ஆறு பேர் அமரும் வண்டியையே கேளுங்கள்.